ஓசூருக்கு அனுப்ப இயலாது

இதை எனக்கு முதலில் சொன்னது பகவதி மதினி. என் மூத்தவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அடுத்த மாசம், பிரதோஷ பூஜை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

தென்காசிப் பக்கம் ஒரு ஆசிரமம். மூட்டுவலித் தைலம் காய்ச்சி விற்பார்கள். நடத்துகிறவர் உலகம்மை அம்மா, நாற்பது வயதுதான். சீடர் சங்கரலிங்கம் அறுபதைத் தாண்டியவர். மகள் வயசுக் குரு என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர். ஒரே மகன் ஓசூரில் விபத்தில் போன பிறகு இங்கே வந்து தங்கிவிட்டார். மருமகள் தேன்மொழி இன்னும் ஓசூரில்தான். காரியம் முடிந்ததிலிருந்து அவளோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தைலத்தை ஆன்லைனில் விற்பது என்று முடிவானது. எந்தெந்த ஊருக்கு அனுப்புவது, எத்தனை நாளில் போகும், கூரியருக்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் போடும் வேலை அவருக்கு வந்தது. போட்டு முடித்தார்.

கடை திறந்த வாரமே அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"ஐயா, எல்லா ஊருக்கும் போகுதா?"

"போகும்மா. காஷ்மீருக்கே போகும்."

"ஓசூருக்கு?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். "அங்க கூரியர் சரியில்லம்மா."

"பார்சல் ஆபீஸ்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்." அம்மா சிரித்தார். "நான் ஓசூர்க்காரின்னு வச்சுக்கிடுங்க. எனக்கு ஒரு பாட்டில் வேணும். ஆர்டர் போடுங்க."

ஓசூர் பின்கோடைத் தட்டினார். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது.

"வாசிங்க."

"மன்னிக்கவும். உங்கள் ஊருக்கு..." நிறுத்திவிட்டார்.

"முழுசா வாசிங்க ஐயா."

"உங்கள் ஊருக்கு அனுப்ப இயலாது."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"நேத்து இதைப் பாத்துட்டு ஓசூர்லயிருந்து ஒரு பிள்ள போன் பண்ணுச்சு. தைலம் கேக்கல. 'எங்க மாமா எங்க ஊரை வேணும்னே எடுத்துட்டாகளா'ன்னு மட்டும் கேட்டுச்சு."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"அந்த ஊர்ப் பேரை என் கையால போட முடியலம்மா. அவனை அங்கயிருந்துதான் வண்டியில ஏத்தி..."

அம்மா எழுந்துபோய் ஒரு பாட்டில் எடுத்துவந்தார். பழைய பேப்பரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, ஒட்டி, அவர் மடியில் வைத்தார்.

"கூரியர் சரியில்லன்னீங்க. நீங்களே கொண்டு போங்க."

"அந்த வாசல்ல நின்னு நான் என்னம்மா சொல்லுவேன்?"

"பார்சல் கொண்டு வர்றவங்க என்ன சொல்லுவாங்க? பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அவ்வளவு போதும்."

அவர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. அழுகைதான் வந்தது. பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.

போய்ச் சேர்ந்தாரா என்று மதினிக்கும் தெரியாது. இன்றைக்கு விளக்கேற்றும்போது நீங்களும் அவருக்காகத் தேன்மொழி என்று ஒரு தரம் சொல்லிக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.