கோணக் காது யானையும் கண்ணாடிக் கடையும்

முன்னொரு காலத்திலே, கண்ணாடிகள் வாய் திறந்து பேசிய காலத்திலே, மருதங்காடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே மாங்கனி என்று ஒருத்தியும் அவள் கணவன் வேலப்பனும் கடை வைத்திருந்தார்கள். சாதாரணக் கடை என்று நினைத்துவிடாதீர்கள்! அந்தக் கடைக்குத் தெருவும் கிடையாது, படியும் கிடையாது. ஐம்பத்தாறு தேசத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று மூன்று முறை கை தட்டினால் போதும், கண்ணாடிக்குள்ளே கடை திறக்கும். பிடித்ததைச் சொன்னால் நாரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும். வேலப்பன் செய்த பெட்டி ஒன்றில் சொக்கிப்போன வனதேவதை கொடுத்த வரம் அது.

வேலப்பன் கை வைத்தால் மரம் பேசும். அவர்தான் பேசமாட்டார். சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு மழை கொட்டும் என்று மாங்கனி கேலி செய்வாள். பேச்செல்லாம் அவள் பங்கு. ஒவ்வொரு பொருளும் பிறந்த கதையை அவள் கண்ணாடி முன் நின்று சொல்லுவாள். பின்கட்டில் மரம் கடையும் கடைசல் சத்தத்தில் அந்தக் கதை ஒன்றும் வேலப்பன் காதில் விழாது.

மருதங்காட்டுத் தச்சர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருளில் தானாக ஒரு குறை நேர்ந்துவிட்டால் அதை இழைத்து மறைக்கமாட்டார்கள். குறையே இல்லாத பொருள் கண்பட்டுப்போகும் என்பார்கள். அதனால் வேலப்பனின் சீப்பில் ஒரு பல் குறைவு, பெட்டியின் மூடியில் ஒரு கீறல், மர யானைக்கு ஒரு காது கோணல். மாங்கனி சொன்ன கதையெல்லாம் அந்தக் குறைகள் வந்த கதைதான்.

எல்லாம் சரி, வியாபாரம்தான் சரியில்லை. ஒரு நாள் காலையில் மாங்கனி கேட்டாள், "கண்ணாடி, கண்ணாடி, நேத்து என்ன ஆச்சு?"

"பார்த்தாங்க, பார்த்தாங்க, போயிட்டாங்க!" என்றது கண்ணாடி.

"ஏன் போறாங்க?"

"வாசல்ல ஒரு ஆந்தையை உட்கார வச்சிருக்கியே, அது பேரைக் கேக்குது, நட்சத்திரத்தைக் கேக்குது, 'இந்தக் கடையைப் பத்தி யார் சொன்னாங்க'ன்னும் கேக்குது. ஒரு தளபதி பெண்டாட்டி மூணாவது கேள்விக்குள்ள அடுப்புல பால் பொங்குதுன்னு ஓடிட்டா. ஆந்தையைத் தாண்டி வந்தா உன் கதை! சீப்புக் கதையில சீப்பு வர்றதுக்குள்ள கேக்கறவளுக்குத் தலை நரைச்சிடுது."

மாங்கனிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பெரிய கடைன்னா வாசல்ல காவல் வேணாமா? என் கதைக்கு என்ன குறைச்சல்?" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

இப்படி ரோஷப்பட்ட நேரம் பார்த்துத்தானே மந்திரவாதிகள் வருவார்கள்? வந்தான் ஒருவன். பெயர் மினுக்காண்டி. தலைப்பாகை மினுங்கியது, செருப்பு மினுங்கியது, பல்லும் மினுங்கியது.

"அக்கா, உங்க கதை தங்கம். மெருகுதான் பத்தலை. நான் மெருகு போட்டா கடை எங்கேயோ போயிடும்."

"என்ன கேப்பே?"

"காசு வேணாம். புதுக் கதை போட்டதும் பழைய கதையை எனக்குக் கொடுத்துடுங்க."

"பழைய கதைதானே, தாராளமா எடுத்துக்கோ!" என்று சிரித்துவிட்டாள் மாங்கனி. அதுதான் அவள் செய்த தப்பு.

மினுக்காண்டி சீப்பை எடுத்தான். ஊதினான். குறைந்திருந்த பல் முளைத்தது. "ரம்பை தலை சீவிய சீப்பு!" என்று கூவினான். ஐம்பத்தாறு தேசமும் கை தட்டியது. ஆனால் மாங்கனிக்கு ஒரு வருஷம் காய்ச்சலில் கிடந்து முடியெல்லாம் கொட்டியதும், 'இருக்கற முடிக்கு இது போதும்' என்று வேலப்பன் பல் குறைந்த சீப்பைக் கையில் கொடுத்து அவளைச் சிரிக்கவைத்ததும் மறந்துபோயின.

அடுத்து பெட்டி. ஊதினான். கீறல் மறைந்தது. "கடலரசன் முத்து வைத்த பெட்டி!" நாரைகளுக்கு இறக்கை வலி கண்டது. ஊரே வெள்ளத்தில் மிதந்த நாளில், குட்டிகளோடு தாய்ப்பூனையை அந்தப் பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்து இருவரும் கழுத்தளவு தண்ணீரில் நடந்ததும், பயத்தில் அது மூடியைப் பிறாண்டியதும் மாங்கனிக்கு மறந்துபோயின. நாக்கு நுனியில் ஏதோ நின்றது, வரவில்லை. வியாபாரம் நடக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது, யானை. ஊதினான். கோணக் காது நேரானது. "தேவலோகத்து ஐராவதம், அதே அச்சு!"

அந்த நேரம் பின்கட்டிலிருந்து ஒருவர் கஞ்சிக் குவளையோடு வந்தார். தலையெல்லாம் மரத்தூள். குவளையை மாங்கனி பக்கத்தில் வைத்தார். கஞ்சியில் அவளுக்குப் பிடித்த மாவடு மிதந்தது. இது எனக்குப் பிடிக்கும் என்று இவருக்கு யார் சொன்னது என்று மாங்கனிக்கு ஆச்சரியம்.

"நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அவர் முகம் வெளிறிப்போனது. "மரம் கடையறவன்," என்றார். கண்ணில் நீர் வழிந்தது. யாரோ ஒருவர் அழுவதைப் பார்க்கத் தனக்கு ஏன் நெஞ்சடைக்கிறது என்று மாங்கனிக்குப் புரியவில்லை.

கண்ணாடி அவரைக் கூப்பிட்டது. "வேலப்பா, யானைக் கதையோட உன்னையும் அவ மறந்துட்டா. பொழுது சாய்ஞ்சா அந்தக் கதை போனது போனதுதான். அப்புறம் நீ யாருன்னு அவளுக்கு என்னைக்கும் தெரியாது. அந்தக் கதைக்குள்ள இருந்தவங்க யாராவது அதைத் தனக்குத் தெரிஞ்சபடியே, மெருகு போடாம சொல்லணும். கேட்டவங்க ஒருத்தராவது மெருகை விட்டுட்டு அந்தக் குறையைத்தான் வேணும்னு கேக்கணும். அப்போதான் மந்திரம் உடையும்."

"நானா? பேசறதா?"

"அவளால முடியாது. நீதான்."

வேலப்பன் வாசலுக்குப் போனார். "நீ போய்த் தூங்கு," என்றார் ஆந்தையிடம். "இத்தனை நாளா யாராவது இதைச் சொல்லமாட்டாங்களான்னு இருந்தேன்," என்று ஆந்தை பறந்துபோனது. பேரும் கேட்காமல், நட்சத்திரமும் கேட்காமல், கடை சட்டென்று எல்லாக் கண்ணாடியிலும் திறந்துகொண்டது. வேலப்பன் உளியை எடுத்து யானையின் காதைப் பழையபடி கோணலாக்கினார். கண்ணாடி முன் வந்து நின்றார். வாயைத் திறந்தார்.

"இது ஐராவதம் இல்லீங்க. வேப்ப மரம். நான்தான் செதுக்கினேன். அப்போ எங்க பட்டறைக்கு ஒரு பொண்ணு வந்தா. அவங்க வீட்டுக் கட்டில் கால் ஆடுதுன்னு சொல்ல வந்தா. எனக்கு வாயில வார்த்தை வரலை. யானையைச் செதுக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அவ திடீர்னு தும்மினா. உளி வழுக்கிடுச்சு. காது கோணலாப் போச்சு. சரி பண்ணலாம்னு பார்த்தேன். மனசு வரலை. அவ்வளவுதாங்க."

"ஐயே, தும்மலாம், கட்டில் காலாம்! இதையா கதைன்னு சொல்றே? ஐராவதம் வாங்குங்க, ஐராவதம்!" என்று மினுக்காண்டி பல்லைக் காட்டினான்.

கண்ணாடிகளில் முகங்கள் கூடிக்கொண்டே போயின. சாயங்கால வெயில் கூரைக்கு ஏறிவிட்டது. பார்த்தார்கள், பார்த்தார்கள், ஒருவரும் போகவில்லை. ஆனால் ஒருவரும் கேட்கவும் இல்லை. வேலப்பன் தலைகுனிந்துவிட்டார்.

அப்போது ஐம்பத்தாறாவது தேசத்திலிருந்து ஒரு குரல். உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி, காலில் உப்புத் தண்ணீர் காயாமல் நின்றுகொண்டிருந்தாள். "அண்ணே, எனக்கு அந்தக் கோணக் காது யானைதான் வேணும். எங்க வீட்டுக்காரரும் உங்களை மாதிரிதான், வாயைத் திறக்கமாட்டார். பக்கத்துல வச்சுப் பார்த்துக்கறேன்."

அவ்வளவுதான். மினுக்காண்டியின் தலைப்பாகை மங்கியது, செருப்பு மங்கியது, பல்லும் மங்கியது. பையிலிருந்த கதைகளை அப்படியே போட்டுவிட்டு, கண்ணாடி வழியாக ஓட்டமாய் ஓடிப்போனான். சீப்பின் பல் உதிர்ந்தது, பெட்டியில் கீறல் திரும்ப வந்தது.

மாங்கனிக்கு உடம்பு சிலிர்த்தது. காய்ச்சல் திரும்ப வந்தது, வெள்ளம் திரும்ப வந்தது, பட்டறையில் குனிந்து நின்ற ஒரு வெட்கக்காரப் பையனும் திரும்ப வந்தான். ஓடிப்போய் வேலப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்ட, வாயில் கோபம் கொப்பளித்தது.

"ஏங்க, ஐம்பத்தாறு தேசமும் கேக்கப் பொய் சொல்றீங்களே! நான் எங்கே தும்மினேன்?"

வேலப்பன் திகைத்தார். "தும்மினியே. அதனாலதானே உளி..."

"தும்மல் இல்லைங்க, சிரிப்பு. பொண்ணைப் பார்த்த வெட்கத்துல உளியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. சிரிப்பை அடக்கினேன், மூக்கு வழியா வந்துடுச்சு. கட்டினா இவரைத்தான் கட்டணும்னு அப்பவே நினைச்சேன். எங்க வீட்டுக் கட்டில் நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு காலும் ஆடலை!"

வேலப்பன் பத்து வருஷமாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு, காது வரை சிவந்துபோய் நின்றார். கண்ணாடிகளெல்லாம் சிரித்தன.

அதன்பிறகு அந்த வாசலில் காவலும் இல்லை, கேள்வியும் இல்லை. மாங்கனி கதையைக் கைக்கு அடக்கமாகச் சொன்னாள். குறையை முதலில் காட்டினாள், பொருளை அப்புறம் காட்டினாள். யானைக் கதையைக் கேட்டு வந்தவர்கள் ஆயிரம் பேர், ஒரு முறை வாங்கியவர்கள் மறுமுறையும் வந்தார்கள். வேலப்பன் கடைசலை நிறுத்திவிட்டு வந்து, அவள் கதை சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அவர்கள் நன்றாக இருந்தார்கள், கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள்!