சோறு போட்டு ஜெயித்த பத்தாம் வருஷம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆம்பல்வயல் நாட்டை நெடுவேங்கை என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்லவர்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு போர் செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பட்டத்துக்கு வந்த ஒன்பது வருஷத்தில் ஒன்பது போர் ஜெயித்திருந்தார். அவைப் புலவன் வடுகங்கண்ணன் ஒவ்வொரு போருக்கும் ஒரு பாட்டுக் கட்டி, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு யானை பரிசு வாங்கியிருந்தான்.

பத்தாம் வருஷம் முடியப்போகிறது, போரையே காணோம். புலவனுக்குக் கை அரித்தது.

"மன்னா, ஒன்பது பாட்டோடு நின்றால் பல் போன சீப்பு மாதிரி இருக்கிறது. கல்லாறு நாடு ஒன்று மிச்சம் இருக்கிறதே!"

"அவர்கள் நமக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?" என்று கேட்டார் மந்திரி வெள்ளன்.

"ஒன்றுமே செய்யவில்லை. அவ்வளவு திமிர்!"

சபை சிரித்தது. வெள்ளனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய ஒரே மகள் பூங்கோதையைக் கல்லாற்றில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. மருமகன் சேந்தன் அந்தப் படையில். தம்பி பிள்ளைகள் இந்தப் படையில். யார் ஜெயித்தாலும் அவர் வீட்டில் ஒப்பாரிதான்.

"மந்திரிக்கு மகள் பாசம், மன்னா," என்று குத்தினான் புலவன்.

"பாசம் இருக்கத்தானே செய்யும்?" என்றார் வெள்ளன். "ஒரு வேல் வீசாமல் கல்லாற்றை உங்கள் காலடிக்குக் கொண்டுவந்தால் ஒப்புக்கொள்வீர்களா?"

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "செய்யும். முடியாவிட்டால் மந்திரி பதவி புலவனுக்கு!"

"போர் அறிவிப்பை மட்டும் நானே சொல்லி அனுப்புகிறேன், மன்னா."

அந்தக் காலத்தில் படை கிளம்புமுன் எதிரி ஊரில் பறை அறைவது வழக்கம். 'அம்பு வரப்போகிறது. பசுக்கள், பெண்கள், நோயாளிகள், வம்சம் சொல்ல ஆண்பிள்ளை இல்லாத ஆண்கள் எல்லாரும் விலகிப் போய்விடுங்கள்' என்று சொல்லிவிட்டுத்தான் சண்டை.

"விலகிப் போ என்றால் எங்கே போவார்கள், மன்னா? காட்டுக்கா?" என்றார் வெள்ளன். "'என்னிடம் வாருங்கள், சோறு நான் போடுகிறேன்' என்பதுதானே உங்கள் பெருமைக்கு அழகு?"

"அடடா! என் பாட்டனாருக்குக்கூட இது தோன்றவில்லையே!" என்று ராஜா பூரித்துப்போனார். புலவனும் தலையாட்டினான். பாட்டில் சேர்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்தான், மடையன்.

பறை அறைந்தாயிற்று. படை எல்லைக்குப் போனால் எதிரே ஒரே புழுதி. முதலில் பசுக்கள் வந்தன. அப்புறம் பெண்கள், சட்டி பானையோடு. அவர்களுக்குப் பின்னால் வாட்டசாட்டமான வாலிபர்கள் திமுதிமுவென்று வந்தார்கள்.

"நீங்கள் படைவீரர்கள்தானே?" என்று அதட்டினார் ராஜா.

"ஆமாங்க ராஜா. ஆனா எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே," என்றான் ஒருவன்.

"எனக்கு மூணும் பொண்ணுங்க," என்றான் இன்னொருவன்.

"எம் பொண்டாட்டிக்கு இது நெறமாசமுங்க," என்றான் சேந்தன், பூங்கோதையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு.

ஆண்பிள்ளை பெற்றவர்களும் வந்திருந்தார்கள். மாட்டை யாராவது ஓட்டிக்கொண்டு வரவேண்டாமா? கடைசியாக ஒரு பல்லக்கு வந்தது. உள்ளே தலையில் துணி சுற்றிக்கொண்டு கல்லாற்று ராஜா இளஞ்சாத்தன்.

"அச்சூ! ஜலதோஷம். நானும் நோயாளிதானே, அண்ணா?"

நெடுவேங்கை வெள்ளனைப் பார்த்தார். வெள்ளன் வானத்தைப் பார்த்தார். கொடுத்த வாக்கை மீற முடியுமா? ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "எல்லாரையும் அரண்மனைக்கு அழைத்துப்போய் இலை போடுங்கள்!"

மாடுகள் புலவனின் தோப்பில் இறங்கி, ஒன்பது யானைகளுக்கு வைத்திருந்த புல்லையும் காலி செய்தன. சாப்பாடு முடிந்ததும் இளஞ்சாத்தன் எழுந்து கும்பிட்டான். "உங்கள் சோற்றைத் தின்றுவிட்டோம். இனி எங்கள் வேல் உங்கள் பக்கம் திரும்பாது. நீங்கள்தான் எங்களுக்குப் பெரியவர்."

"பத்தாவது வெற்றி!" என்று ராஜா தொடையைத் தட்டினார். "வெள்ளரே, உமக்கு என் முத்துமாலை. புலவனே, பாடு!"

"போரே நடக்கவில்லையே மன்னா, எதைப் பாடுவேன்?"

"சோற்றைப் பாடு. பாட்டு வரும்வரை மோர் ஊற்று."

புலவன் மோர்ப்பானையோடு பந்தியில் குனிந்தபோது, அரண்மனைக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டது. பூங்கோதைக்கு ஆண்பிள்ளை! வெள்ளனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ராஜா சேந்தனை அழைத்து முறைத்தார். "இப்போது உனக்கு ஆண்பிள்ளை இருக்கிறான். உன்மேல் மட்டும் படையெடுக்கலாம் அல்லவா?"

சேந்தன் கையிலிருந்த குழந்தையை அப்படியே ராஜாவின் மடியில் வைத்தான். ஒன்பது போர் ஜெயித்த ராஜாவின் பட்டு நனைந்தது.

"சரி, தோற்றேன்," என்றார் ராஜா. "புலவனே, இதைப் பாட்டில் சேர்க்காதே!"