மேடைச் சாயம்

“என் உடம்பு என்னை விட்டுப் போவுது, மாஸ்டர்” என்றான் தவசிக்கனி.

ஜெயராணி மாஸ்டர் அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பக்கமா?”

“விளையாடாதீங்க.”

“சரி. எந்த உடம்பு?”

“போன வாரம் மேடையில நின்னுச்சே, அது.”

தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் இருந்தது மாஸ்டரின் உடற்பயிற்சிக் கூடம். தவசிக்கனிக்குப் பரோட்டாக் கடை. வயதில் அவன்தான் மூத்தவன். அவள் அவனை அண்ணாச்சி என்பாள். அவன் அவளை மாஸ்டர் என்பான். அந்தக் கூடத்துக்குள் அதுதான் முறை.

மாவட்ட ஆணழகன் போட்டியில், நாற்பது தாண்டியவர்கள் பிரிவில், அவனுக்கு முதல் பரிசு.

அன்றைக்கு அவன் எப்படி இருந்தான் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன்.

முதுகைத் திருப்பினான். முன்வரிசையில் இருந்த நில அளவையர் ஒருவர் எழுந்து போய், அந்த முதுகு நரம்புகளில் தாமிரபரணி எந்த இடத்தில் கடலில் கலக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். தோல் அவ்வளவு மெல்லிசு. மேடையேறும் முன் வாயில் போட்ட உலர்திராட்சை தொண்டையிலிருந்து இறங்குவதை நடுவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் அதற்கும் மதிப்பெண் போட்டார்.

இப்போது அவன் உச்சிவெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றான்.

கம்பளிக்கு வெளியே தெரிந்த முகமும் கையும் கரும்பழுப்பாக, திட்டுத் திட்டாக இருந்தன. விளக்கு வெளிச்சத்தில் தசை எடுத்துத் தெரிய வேண்டும் என்று போட்டிக்காரர்கள் உடம்பெல்லாம் பூசுகிற சாயம் அது. போட்டி முடிந்த கையோடு எல்லோரும் கழுவிவிடுவார்கள்.

“குளிக்கலையா அண்ணாச்சி?”

“இல்ல.”

“அன்னையிலிருந்தா?”

“கழுவினா போயிரும், மாஸ்டர்.”

“சாயம்தானே?”

தவசிக்கனி கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டான்.

படியேறி வந்து நின்றாள் அவன் மனைவி முத்துமாரி. மூச்சு வாங்கியது. கையில் ஒரு துணிப்பை.

“வாங்க மதினி. உக்காருங்க.”

“உக்கார நேரமில்ல மாஸ்டர். தலையணை போச்சு. போர்வை போச்சு. சுவத்துல சாய்ஞ்சு இருந்தாரு, இப்ப சுவத்துல ஒரு ஆணழகன் நிக்கான். பக்கத்து வீட்டுக்காரி கண்ணாடி போடாம வந்து, ‘அண்ணே, சொகமா இருக்கீகளா’ன்னு சுவத்தை விசாரிச்சுட்டுப் போறா.”

மாஸ்டர் ஒரு கடலையை உடைத்தாள்.

“போட்டி முடிஞ்சதும் என்ன சாப்பிடச் சொன்னேன் அண்ணாச்சி?”

“சாப்பிடுறதோட ஒரு பிடி சோறு கூட்டச் சொன்னீங்க. அடுத்த வாரம் இன்னொரு பிடி.”

“என்ன சாப்பிட்டீங்க?”

அவன் தரையைப் பார்த்தான்.

முத்துமாரி சொன்னாள். “மறுநாள் கடை திறக்கலை மாஸ்டர். மாவு இல்ல.”

மறுநாள் காலையில் அவனுக்குக் கால் வீங்கியிருந்தது. செருப்பு ஏறவில்லை. உப்பையும் தண்ணீரையும் காணாமல் காய்ந்து கிடந்த உடம்பு, கிடைத்ததை எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது. வயிற்றில் பாத்தி கட்டியதுபோல் இருந்த கட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவன் கண்ணாடி முன்னால் நின்று, ரயிலுக்குக் கையசைப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே மறுபடி பட்டினியைத் தொடங்கிவிட்டான்.

“தூக்கம் வருதா?” என்றாள் மாஸ்டர்.

“வரும். உடனே போயிரும்.”

“கனவு?”

“வருது.”

“என்ன கனவு?”

“பரோட்டா துரத்துது.”

“ஓடுதீங்களா?”

“ஓடுதேன். ஆனா வேணும்னே மெதுவா ஓடுதேன் மாஸ்டர்.”

“மதினிகிட்ட பேசுதீங்களா?”

“பேசுதாரு” என்றாள் முத்துமாரி. “‘கரண்டியைச் சத்தமா வைக்காதே’ன்னு பேசுதாரு. ‘கதவை மெதுவா சாத்து’ன்னு பேசுதாரு. பிள்ளை சிரிச்சா அதுக்கும் ஒரு பேச்சு.” குரல் இறங்கியது. “பக்கத்துல படுத்தா, கீழ இருக்கே ஐஸ் கம்பெனி, அதுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு. நேத்து பரோட்டாக் கல்லு முன்னால கண்ணு இருட்டி அப்படியே சரிஞ்சாரு. நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். இல்லன்னா முகம் கல்லுல.”

“சும்மா ஒரு கிறுகிறுப்பு” என்றான் தவசிக்கனி.



அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான்.

“அடுத்த மாசம் திருநெல்வேலியில போட்டி. இன்னைக்கே உப்பை நிறுத்துதேன். கோழியும் வெள்ளரிக்காயும் போதும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாஸ்டர். அந்த உடம்பை மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டா, வேற எதுவும் வேண்டாம்.”

முத்துமாரி மாஸ்டரைப் பார்த்தாள். அவன் இந்த உலகத்தில் ஒருத்தி பேச்சைத்தான் கேட்பான். அந்த ஒருத்தி தான் இல்லை என்பது முத்துமாரிக்குத் தெரியும்.

சுவரில் மாஸ்டரின் பழைய படம் தொங்கியது. மாநிலப் போட்டி. கையில் கோப்பை. தோளில் கயிறு கயிறாகத் தசை. கீழே நாற்காலியில் இருந்த மாஸ்டருக்குக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

தவசிக்கனி படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“உங்களுக்கு அது திரும்பி வரவே இல்லையா மாஸ்டர்?”

“எனக்கு வேற ஒண்ணு திரும்பி வந்துச்சு.”

“என்னது?”

“மாதவிலக்கு. போட்டிக்கு இளைச்சதுல நின்னுபோச்சு. சாப்பிட ஆரம்பிச்ச பிறகும் லேசுல வரலை. ஒரு வருஷம் காக்க வச்சுச்சு. வந்த அன்னைக்குத் தெருவுக்கே லட்டு குடுத்தேன். என்ன விசேஷம்னு கேட்டாங்க. ஊருக்குப் போன சொந்தக்காரி வந்துட்டான்னு சொன்னேன்.”

முத்துமாரி சிரித்துவிட்டாள்.

தவசிக்கனி சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும்.

மாஸ்டர் மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

“சரி. அந்த உடம்பைப் பிடிச்சு வச்சுக்கிடுவோம். எந்தப் போஸுக்கு உங்களுக்குப் பரிசு விழுந்துச்சு?”

“வயிறு உள்ள போற போஸ்.”

“காட்டுங்க.”

அது என்னவென்றால், மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட்டு, வயிற்றை முதுகெலும்போடு ஒட்டுகிற மாதிரி இழுத்துப் பிடிக்க வேண்டும். கைகள் தலைக்குப் பின்னால். முகத்தில் சிரிப்பு. கல்யாண வீட்டில் பாயசம் இரண்டாம் முறை வருகிறபோது இருக்குமே, அந்தச் சிரிப்பு.

கம்பளி விழுந்தது. தவசிக்கனி மூச்சை விட்டான். வயிறு உள்ளே போனது.

போனது.

இன்னும் போனது. அவனுக்குப் பின்னால் நின்ற முத்துமாரி, எதற்கும் இருக்கட்டும் என்று சற்று நகர்ந்துகொண்டாள்.

“அருமை” என்றாள் மாஸ்டர். “இதுதானே வேணும்?”

தலையாட்டினான்.

“அப்ப விட்டுராதீங்க. இப்படியே கடைக்குப் போங்க. இப்படியே மாவு பிசைங்க. சாயங்காலம் பிள்ளையோட விளையாடுங்க. இப்படியே படுத்துத் தூங்குங்க. திருநெல்வேலி வரைக்கும் இப்படியே இருங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று பார்த்தான். மாஸ்டரின் முகத்தில் விளையாட்டு இல்லை.

குரு சொல்லிவிட்டார். தவசிக்கனி கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்தபடியே திரும்பி நடந்தான்.

கதவைத் தாண்டினான்.

படியில் கால் வைத்தான். கண் பிதுங்கியது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

மாஸ்டர் கடலை உரித்தாள்.

படிக்கட்டிலிருந்து, பாரம் ஏற்றிய லாரி பிரேக் பிடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. கீழே ஐஸ் கம்பெனியில், ஐஸ் உறைய வைக்கிற அமோனியா வாயு கசிகிறது என்று வேலைக்காரர்கள் தெருமுனை வரைக்கும் ஓடினார்கள். அதில் ஒருத்தர் இன்னும் திரும்பி வரவில்லை என்று கேள்வி.

மாஸ்டர் எழுந்து வந்து படிக்கு மேலே நின்றாள்.

“ஏன் விட்டீங்க அண்ணாச்சி?”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் மேலே பார்த்தான். பேச்சு வர நேரமானது.

“மனுசன் மூச்சு விட வேண்டாமா மாஸ்டர்?”





தவசிக்கனியின் வயிறு முன்னால் வந்தது. உள்ளே போனது. மறுபடி முன்னால் வந்தது. தூங்குகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாஸ்டர் படியிறங்கி வந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் கொஞ்சம் கடலை. உப்புப் போட்டு அவித்தது.

ஒன்றை எடுத்து வாயில் போட்டான். மென்றான். வெகுநேரம் மென்றான்.

“மாரி” என்றான்.

அவன் அப்படிக் கூப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது.

“என்ன?”

“அந்தப் பையில என்ன வச்சிருக்க?”

“சோப்பு.”

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஒண்ணு போதுமா?”

“மூணு இருக்கு” என்றாள் முத்துமாரி.