பஸ் ஸ்டாப்பில் ஏறிய படம்

ஆவரங்குளத்துக் கண்மாயில் யாரோ மூட்டை மூட்டையாகக் குப்பையைக் கொட்டிவிட்டார்கள். ஊராட்சித் தலைவர் வெயிலுமுத்து, குப்பை வண்டி தள்ளும் இருளாயியைக் கிராம சபையில் எழுப்பி நிறுத்தினார்.

"கொட்டுனவன் படத்த நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாப்புல கட்டி வைக்கிற. இல்லாட்டி வேலைக்கு வராத."

"கட்டிருதேன் தலைவரே. அப்புறம் யாரும் அவுக்கச் சொல்லக் கூடாது."

"நானே சொன்னாலும் அவுக்காத."

விடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் ஊரே கூடிவிட்டது. கழுவித் துடைத்த பிளக்ஸில் தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். போன வாரம் அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வைத்த அதே பிளக்ஸ்.

தலைவர் ஓடிவந்தார். "என் படத்த ஏன் கட்டுன?"

"எச்சில் இலை, பேப்பர் கப்பு எல்லாத்தையும் இதுலதான் பொதிஞ்சு கண்மாயில போட்டிருந்துச்சு தலைவரே."

"சமையக்காரன் போட்டிருப்பான். அவுத்துரு."

"விசேஷம் உங்க வீட்டுல நடந்தது. நீங்க சொன்னாலும் அவுக்கக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதான். மிச்ச மூட்டையெல்லாம் தண்ணியில கெடக்கு. அது கரையேறட்டும், இது இறங்கும்."

இருளாயி வண்டியைத் தள்ளிவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். ஊர் பார்த்துக்கொண்டே நின்றது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.