சாப்பாட்டுக்குப் பின்

“சிஸ்டர், நான் முப்பது வருஷமா ஆப்பரேஷன் பண்ணுதவன். என் கையில கரண்டியக் குடுக்கீங்களே!”

சிஸ்டர் தெக்லா கரண்டியை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

டாக்டர் ஜெபத்துரை வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார்.

புயல் கரையைக் கடந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அது உப்பளத்து ஊர். மாதா கோவிலின் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த நான்கு சுவருக்குள் மிஷன் மருத்துவ முகாம்.

அதை நடத்துகிறவர் தெக்லா. கன்னியாஸ்திரி, நர்ஸ், வயது முப்பத்தொன்று.

ஜெபத்துரைக்கு ஐம்பத்தாறு. சேவை செய்யப் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பெட்டி மருந்தோடு சொந்தக் காரில் வந்தவர். வந்து ஒரு மணி நேரத்தில் இதை மூன்று பேரிடம் சொல்லிவிட்டார்.

அந்த முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. காலையும் மாலையும் பெரிய அண்டாவில் கஞ்சி. காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் நேரே கஞ்சி வரிசைக்கு வர வேண்டும். கஞ்சி ஊற்றுகிறவரே மாத்திரையும் கொடுப்பார். பாத்திரத்தில் கஞ்சி, உள்ளங்கையில் மாத்திரை. அங்கேயே விழுங்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

“வேளைக்கு ஒண்ணா எண்ணி எண்ணிக் குடுத்தா என்னைக்கு முடிய? இது ஆஸ்பத்திரியா, அன்னதானமா?”

“ஊத்துங்க டாக்டர்” என்றார் சிஸ்டர்.

அதற்குள் டிராக்டர் வந்து நின்றது. தண்ணீர் சூழ்ந்த பக்கத்துக் குப்பத்தில் இரண்டு பிரசவம். சிஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். திரும்ப மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

டிராக்டர் தெருமுனை திரும்பியதும் டாக்டர் கரண்டியை மேசைமேல் வைத்தார்.

*

மறுநாள் காலை எல்லாம் மாறிவிட்டது.

முன்வாசலில் மேசை, நாற்காலி, டோக்கன். டாக்டர் பார்ப்பார், ஐந்து நாள் மாத்திரையை மொத்தமாக ஒரு கவரில் போட்டுக் கொடுப்பார். கவரின்மேல் அவர் கையெழுத்தில்: காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.

எழுதியதோடு விடவில்லை. ஒவ்வொருவரிடமும் விரலை ஆட்டிச் சொன்னார்.

“வெறும் வயித்துல போட்டா வயித்தப் பொரட்டும். போடவே கூடாது. வெளங்குதா?”

“வெளங்குதுங்கய்யா.”

கஞ்சி அதுபாட்டுக்குப் பின்வாசலில் நடந்தது.

ஒரே நாளில் இருநூறு பேர். சிக்னல் இருந்திருந்தால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பார். பாவம், செல்போன் கோபுரம் விழுந்து கிடந்தது.

*

மூன்றாம் நாள் அதே முகங்கள் திரும்பி வந்தன. காயங்களும் திரும்பி வந்தன, முன்னைவிட மோசமாக.

டாக்டருக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று காலையில் மட்டும் முப்பது தடவை துடைத்திருப்பார்.

முப்பத்தொன்றாவது தடவை, அஞ்சம்மாளின் காலைப் பார்த்தபோது.

உப்பளத்தில் வேலை செய்கிறவள். பறந்து வந்த தகரம் பாதத்தைக் கிழித்திருந்தது. முதல் நாள் சின்ன வெட்டுதான். இப்போது சீழ் வைத்து, கணுக்கால்வரை சிவந்து வீங்கியிருந்தது. காய்ச்சலும் இருந்தது.

“மாத்திர போட்டியாம்மா?”

“இல்லங்கய்யா.”

“ஒண்ணு கூடவா?”

“இல்லங்கய்யா.”

“இப்படியே விட்டா கால எடுக்க வேண்டி வரும். தெரியுமா?”

அஞ்சம்மாளின் முகம் வெளுத்தது.

“எடுத்துடாதீங்கய்யா. பாத்தியில நிக்கணும். ஒத்தக் கால வச்சு எப்படி உப்பு வாருவேன்?”

“அந்தப் புத்தி மாத்திர போடுததுல இருக்கணும்!”

அப்போதுதான் டிராக்டர் வந்தது. சிஸ்டர் முழங்கால்வரை சேறோடு இறங்கினார். டாக்டர் அவர் இறங்கி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

“சிஸ்டர், என்னால முடியாது! இந்த ஜனத்துக்குச் சொல்லதெல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு. கால் போகப் போவுது, மாத்திரைய முந்தானைல முடிஞ்சு வச்சிருக்கு. இதுங்களுக்கு நான் எப்படி வைத்தியம் பாக்க?”

சிஸ்டர் முதலில் காலைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். மேசைமேல் டோக்கன் கட்டுக்கு அடியில் கரண்டி கிடந்தது.

அஞ்சம்மாளிடமிருந்து கவரை வாங்கி டாக்டரிடம் கொடுத்தார்.

“வாசிங்க.”

“நான் எழுதினதுதானே!”

“வாசிங்க.”

“காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். இதுல என்ன தப்பு?”

“இன்னொரு தடவ. அந்தம்மாவுக்குக் கேக்கற மாதிரி.”

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அஞ்சம்மாள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உரக்க வாசித்தார்.

“காலை ஒன்று! இரவு ஒன்று! சாப்பாட்டுக்குப் பின்!”

அஞ்சம்மாள் தலையாட்டினாள்.

“ஆமாங்கய்யா. அதான் போடல.”

“எதான் போடல?”

“இன்னும் சாப்புடலீங்களே.”

டாக்டர் கண்ணாடியைத் துடைக்க மறந்தார்.

“மூணு நாளாவா?”

“விழுந்த தேங்காயக் கடிச்சுக்கிட்டிருக்கேன். அது சாப்பாட்டுல சேத்தியான்னு தெரியல. ஐயாகிட்டக் கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன்.”

“பின்வாசல்ல கஞ்சி ஊத்துதாங்கல்ல! வாங்கிக் குடிக்க என்ன?”

“ஒங்க வரிசையில நின்னேங்கய்யா. நம்ம டோக்கன் வாரதுக்குள்ள அங்க அண்டா கவுந்துருச்சு. இந்தக் கால வச்சுக்கிட்டு ரெண்டு வரிசை எப்படி நிக்கறது? சாயங்காலக் கஞ்சிக்குத் திரும்ப நடந்து வர முடியல. நேத்துக் கட்டு மாத்த வந்தப்பவும் அப்படித்தான்.”

சொல்லிவிட்டு, தன்னைத் திட்டுவாரோ என்று பயந்து அவசரமாகச் சேர்த்தாள்.

“நீங்க சொன்ன சொல்லத் தட்டலங்கய்யா.”

டாக்டர் எழுந்தார். பின்வாசலுக்கு ஓடினார். அண்டா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஈரம் காய்ந்து கொண்டிருந்தது.

திரும்பி வந்து வரிசையைப் பார்த்தார். எழுபது பேர் இருப்பார்கள்.

“இங்க யாரெல்லாம் மாத்திர போடல?”

ஒவ்வொன்றாக முந்தானை முடிச்சுகள் அவிழ்ந்தன. வேட்டி மடிப்புகளிலிருந்து கவர்கள் வெளியே வந்தன. துளியும் நனையாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் டாக்டரின் கையெழுத்து.

டாக்டர் உள்ளே போனார்.

தனக்கு வந்திருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்தார். அஞ்சம்மாளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து திறந்தார். சாம்பார் சாதம், ஒரு முட்டை. டப்பா திறந்தால் கண்ணை மூடி ஜெபிப்பது சிறு வயதிலிருந்தே அவர் பழக்கம். கண்ணை மூடினார். ஜெபம் வரவில்லை.

“சாப்பிடும்மா.”

“நீங்க சாப்புட்டீங்களாய்யா?”

“ஆச்சு” என்று அந்தக் கோவிலுக்குள் உட்கார்ந்துகொண்டு கூசாமல் பொய் சொன்னார்.

அஞ்சம்மாள் சாப்பிட்டாள். டப்பாவை விரலால் வழித்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு கவரிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவருக்குக் காட்டினாள்.

“இப்பப் போடலாங்களாய்யா?”

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

சிஸ்டர் அதற்குள் ஊசியை எடுத்து வைத்துவிட்டு, அடுப்புப் பற்றவைக்க ஆள் அனுப்பியிருந்தார்.

*

அன்று மாலையிலிருந்து அண்டாவுக்குப் பக்கத்தில் டாக்டர்தான் நின்றார். கண்ணாடியை அப்போதும் துடைத்துக்கொண்டே இருந்தார், கஞ்சி ஆவிக்கு.

அஞ்சம்மாளுக்கு மட்டும் வரிசை கிடையாது. அவள் இருந்த இடத்துக்குப் பாத்திரத்தைக் கொண்டுபோவார். அவள் விழுங்கும்வரை நிற்பார். விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்வார். அவளுக்கு அது பெரிய வேடிக்கை.

இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் சிவப்பு கணுக்காலிலிருந்து இறங்கியது. ஆறாம் நாள் அவள் தானே நடந்து வந்து கஞ்சி வாங்கினாள். டாக்டர் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார்.

மறுநாள் அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு சிஸ்டரிடம் வந்தார். ஆறு நாளாக அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

“ஆனாலும் சிஸ்டர், நீங்க செஞ்சது சரியில்ல. அந்தப் பொம்பள காலு போயிருக்கும். நான் வந்த அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

சிஸ்டர் கட்டுத்துணியை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சொன்னேன் டாக்டர். நீங்கதான் அத மேசமேல வச்சிட்டீங்க.”