பதினேழாவது தாள்

கற்க வந்தவருக்கு வயது அறுபத்திரண்டு. கற்பித்தவளுக்கு இருபத்தாறு. குரு, சீடர் என்ற சொற்களுக்குள் வயதுக் கணக்கு எதுவும் இல்லை என்பதால் கதையைத் தொடரலாம்.

சீடர் ஆலாலசுந்தரம், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். முப்பது வருடம் ஊரார் விரல்களைப் பிடித்துப் பத்திரங்களில் உருட்டியவர். தில்ஷாத்திடம் வாழ்த்து அட்டை செய்யக் கற்க வந்திருந்தார். பேத்தி இதழினிக்கு ஐந்தாவது பிறந்தநாள். அவளை அவர் இன்னும் பார்த்ததில்லை. மகள் மங்கையர்க்கரசி தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டவள். பேச்சு நின்று ஏழு வருடம். கையால் செய்த அட்டையைத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனம் வராது என்பது அவர் கணிப்பு.

வேலை எளிது. தடித்த அட்டையில் பசையால் மயில் வரைந்து காயவிட வேண்டும். பசைக் கோடுகள் மேடாக இறுகும். அதுதான் அச்சு. ஈரம் தடவிய தாளை அதன்மேல் விரித்து, பஞ்சுத் துண்டை வைத்து, பூரிக்கட்டையால் அழுத்தி உருட்டினால், மை இல்லாமலே மயில் புடைத்து எழும்.

எழுந்தது. கூடவே நான்கு விரல்களும் எழுந்தன.

"டீச்சர், அச்சுல கோளாறு."

தில்ஷாத் அச்சைத் தடவிப் பார்த்தாள். மயிலைத் தவிர வேறு மேடு இல்லை. அவளே ஒரு தாளை உருட்டினாள். மயில் மட்டும் வந்தது.

அவர் உருட்டினார். விரல்கள் வந்தன.

நூலை ஒட்டி ஓர் அச்சு செய்தார். ரவையைத் தூவி ஒன்று. அரசிலையை வைத்து ஒன்று. கடைசியில் பழைய மயிலுக்கே திரும்பினார். அலுவலகப் பழக்கத்தில் ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் போட்டார். பதினேழு தாள்களிலும் விரல்கள் தவறவில்லை. ஒவ்வொன்றிலும் முந்தியதைவிடச் சற்று உயரமாக நின்றன.

"இதெல்லாம் உங்க தொழில்தானே சார். பார்த்துச் சொல்லுங்க, யார் கைன்னு."

பதினேழாவது தாளை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தார்.

"வலது கை. ஆம்பளை கை." அவர் குரல் இறங்கியது. "மோதிரம் இருக்கு. சதுரக் கல்லு."

தன் கையை அதன்மேல் வைத்தார். பொருந்தியது.

"உங்க கையில மோதிரம் இல்லையே சார்?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடியே கோயில் உண்டியல்ல போட்டுட்டேன்."

"ஏன்?"

"கல்லு கீறிடுச்சு."

எதை என்று தில்ஷாத் கேட்கவில்லை. ஈரத் தாளை எடுத்துத் தன் இடது கன்னத்தில் வைத்தாள். காதோரத்திலிருந்து தாடைவரை நான்கு விரல்களும் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. உடனே எடுத்துவிட்டாள்.

"சுடுது சார்."

ஆலாலசுந்தரம் தாளை வாங்கி மேசையில் வைத்தார்.

"இதை அழிக்க வழி இருக்கா டீச்சர்? சனிக்கிழமை பிறந்தநாள். நாளைக்கு தபால்ல சேர்த்தாகணும்."

அவள் தாளின் பின்பக்கத்தில் நீர் தெளித்து இஸ்திரி போட்டாள். விரல்கள் அமுங்கின. மயிலும் அமுங்கியது. வெள்ளைத் தாளை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரம் காய்ந்தது. மயில் திரும்பி வரவில்லை.

விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. மோதிரம் கடைசியாக.

"நீங்க உருட்டினா சுத்தமா வருதே. நீங்களே ஒண்ணு போட்டுக் கொடுத்துடுங்களேன்."

"தாராளமா. கீழே என் பேரைப் போட்டுக்கறேன்."

அவர் பதினேழு தாள்களையும் எண் வாரியாக அடுக்கினார். அடுக்கு, நடுவில் புடைத்துக்கொண்டு, ஆடியது.

"அப்போ இவ்வளவும் கெட்டுப்போன அட்டைதானா?"

முதல் நாளே அவர் எழுதித் தயாராக வைத்திருந்த உறையைத் தில்ஷாத் எடுத்தாள். பதிவு அலுவலகத்தின் நிதானமான கையெழுத்தில் 'செல்வி இதழினி' என்றிருந்தது.

"அட்டையில தப்பு எதுவும் இல்ல சார். உறைமேல எழுதின பேர்தான் தப்பு."