பல் பதிந்த பலகை

கொன்றையூர்ச் சீமையை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. அவனுக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழையும் சந்து. ஆட்டப் பலகை என்றால் சோறு வேண்டாம். தோற்றுவிட்டால் மட்டும் பலகையின் ஓரத்தைக் கடித்து வைப்பான்.

அவன் சபையில் விசாகப்பர் என்று ஒரு பெரிய மனிதர். திருவிழாவுக்குத் திருவிழா கோட்டைப்பிடி, யானைப்போர் என்று புதுப் பலகை இறக்குவார். வேலை தச்சர்களுக்கு, பேர் அவருக்கு. அவற்றைக் கடைத்தெருவில் விற்றவள் செண்பகவல்லி. ஆடிச் சலித்த பழைய பலகைகளையும் வாங்கிக் குறைந்த விலைக்கு விற்பாள். அது விசாகப்பருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, ஒரே பலகை பத்துக் கை மாறுகிறது. எனக்குக் காசு ஒரு தடவைதான். மிச்சமெல்லாம் அந்தப் பொம்பளை மடியில்!"

"இனி பழைய பலகை விற்கக்கூடாது. வாங்கும் கடைக்காரரைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவேன்!" என்றான் ராஜா.

அமைச்சர் நல்லபெருமாள் மெல்லக் கேட்டார்: "வாங்குகிறவருக்கு மட்டும்தானா? கொண்டுபோய் விற்கிறவருக்கு?"

"அவனுக்கும் அதே கழுதை!"

அடுத்த திருவிழா வந்தது. விசாகப்பரின் ஆட்கள் செண்பகவல்லியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். கூடவே சாக்கில் சுற்றிய ஒரு பழைய பலகை. வாசலில் கழுதை தயாராக நின்றது.

"யாரிடம் வாங்கினாய்?" என்றார் அமைச்சர்.

"கேக்காதீங்க சாமி. நானே கழுதை ஏறிக்கிறேன். கடையை மட்டும் விட்டுடுங்க, என் பிழைப்பு அதுதான்."

"யாரைக் காப்பாற்றுகிறாய்? காட்டு!" என்று ராஜா அதட்டினான்.

அவள் சாக்கைப் பிரித்தாள். பலகை ஓரமெல்லாம் பற்கள் பதிந்திருந்தன. ஒவ்வொரு கடியிலும் நடுவே ஒரு சந்து.

வாயில்காவலன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். ராஜா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

"தடை போட்ட நீங்களே ஏன் விற்றீர்கள் மகாராஜா?" என்று கேட்டார் அமைச்சர்.

"ராணி கஜானா சாவியை ஒளித்துவிட்டாள்," என்றான் ராஜா, தரையைப் பார்த்து. "யானைப்போர் வாங்க வேண்டியிருந்தது. காவலனிடம் கொடுத்தனுப்பினேன்."

"ஆக, பழைய பலகையின் காசு விசாகப்பரிடம்தான் போயிருக்கிறது. விசாகப்பரே, தடை வந்தபின் விற்பனை கொழுத்திருக்குமே?"

விசாகப்பர் அங்கவஸ்திரத்தைத் திருகினார். "கிடங்கில் அப்படியே கிடக்கிறது."

"கிடக்காம?" என்றாள் செண்பகவல்லி. "பழசைப் போட்டு, மேலே கொஞ்சம் காசு வச்சுத்தான் சனங்க புதுசு வாங்கும். பழசுக்கு விலை இல்லேன்னா புதுசை எவன் தொடுவான்? பத்துக் கை மாறுதுங்கிறாரே, பத்துப் பேருக்கும் சலிச்சுப் போச்சுன்னு அர்த்தம். கைவிட மனசு வராத ஆட்டமாச் செய்யட்டுமே!"

விசாகப்பருக்கு இருந்த இடத்திலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

ராஜா எழுந்தான். தடையை நீக்கினான். தன் கழுத்து முத்துமாலையைச் செண்பகவல்லிக்குக் கொடுத்தான். பிறகு வாசலைப் பார்த்து நடந்தான். "சொன்ன சொல் சொன்னதுதான். கழுதையைக் கொண்டுவா, ஏறுகிறேன்."

செண்பகவல்லி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் மகாராஜா. கழுதையும் பழசு. பேசாம எனக்கே வித்துடுங்க."

சபை சிரித்தது. ராஜாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பல் தெரிந்துவிடுமே என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அன்றிலிருந்து சபையில் அவன் வாய்விட்டுச் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை.